டெர்மினல் மறுபேச்சுப் பேசாது

இரவு பதினொன்றரை மணிக்கு அழைப்பு வந்தது. சர்வரில் டிஸ்க் நிரம்பி, இணையதளம் பிழைச் செய்தி காட்டிக்கொண்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன தம்பி ஒருவர் அன்றைய இரவுப் பணியில் இருந்தார். சர்வரில் நடப்பவற்றைப் பதிந்துவைக்கும் லாக் கோப்புறையில் 40 ஜிபிக்கு வீங்கிக் கிடந்த ஒரு கோப்பைத் தேடிக் கண்டுபிடித்து, ஆர்எம் கொடுத்து அழித்திருக்கிறார். டிஸ்க்கின் இடக் கணக்கைக் காட்டும் டிஎஃப் கட்டளையை மறுபடியும் போட்டுப் பார்த்தால், டிஸ்க் 100 சதவீதத்தில் அப்படியே நிற்கிறது.

“அண்ணா, கோப்பை அழித்துவிட்டேன். ஆனால் இடம் வரவில்லை. அடுத்து எதை அழிக்கட்டும்?”

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னை எழுந்து உட்கார வைத்தது.

லினக்ஸில் ஆர்எம் அழிப்பது கோப்பின் பெயரை மட்டுமே. ஏதாவது ஒரு புராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் வரை, உள்ளே இருக்கும் தரவு டிஸ்க்கை விட்டுப் போகாது. டியூ கட்டளை கோப்புறை கோப்புறையாகப் போய்ப் பெயர் இருப்பவற்றை மட்டும் கூட்டுகிறது. டிஎஃப், கோப்பு முறைமையிடமே கணக்குக் கேட்கிறது. இரண்டு கட்டளைகளும் வெவ்வேறு கணக்குச் சொன்னால், பெயர் போய் உயிர் போகாத கோப்பு எங்கோ இருக்கிறதா என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். எல்எஸ்ஓஎஃப் கட்டளைக்கு +எல்1 கொடுத்தால், அத்தகைய கோப்புகளையும் அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் புராசஸ்களையும் காட்டிவிடும். அன்று பிடித்து வைத்திருந்தது வெப் சர்வர். அதை ரீலோட் செய்யச் சொன்னேன். பழைய லாக்கை விட்டுப் புதியதைத் திறந்ததும் 40 ஜிபியும் திரும்பி வந்தது. இன்னும் சில நிமிடம் தாமதித்திருந்தால் அவர் தரவுத்தளக் கோப்புறையில் கைவைத்திருப்பார்.

ஓடிக்கொண்டிருக்கும் லாக்கை ஆர்எம் கொண்டு அழிப்பதைவிட, ட்ரங்கேட் கட்டளையால் அளவைப் பூஜ்யம் ஆக்குவது நல்லது. அதைவிட நல்லது, பழைய லாக்குகளைத் தானே சுழற்றி அழிக்கும் லாக்ரொடேட் ஒழுங்காக ஓடுகிறதா என்று முன்கூட்டியே பார்த்து வைப்பது.

என் அனுபவத்தில், பெரிய சேதங்களில் பெரும்பாலானவை நிரம்பிய டிஸ்க்காலோ நின்றுபோன சேவையாலோ வந்தவை அல்ல. அதைச் சரிசெய்யப் போன கையால் வந்தவை. கட்டளைகளில் பார்ப்பவை ஒரு சாதி, மாற்றுபவை இன்னொரு சாதி. சிக்கல் என்று அழைப்பு வந்தால், முதல் ஐந்து நிமிடத்துக்குப் பார்க்கும் கட்டளைகளை மட்டுமே தட்டுங்கள். டிஎஃப், ஃப்ரீ, அப்டைம், டாப், எஸ்எஸ், டிமெஸேஜ், ஜர்னல்சிடிஎல் ஆகியவை எதையும் கெடுக்காது. அந்த ஐந்து நிமிடத்தைத் தர மேலாளர் தயங்கினாலும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பார்ப்பதற்கும் பழக்கம் வேண்டும். டிஎஃப் காட்டுவதில் பாதி இடம் காலியாக இருந்தும் “இடம் இல்லை” என்று பிழை வரலாம். அப்போது டிஎஃப் -ஐ போட்டு, கோப்புக்கு ஒன்றாகச் செலவாகும் பதிவான ஐநோடு எண்ணிக்கையைப் பாருங்கள். அழிக்கப்படாத செஷன் கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்தால் ஐநோடு தீர்ந்துபோகும். ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஐநோடு எண்ணிக்கை ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடுவதால், பிறகு தனியாகக் கூட்ட வழியில்லை. அதே ஈஎக்ஸ்டி4, இயல்பாக 5 சதவீத இடத்தை எல்லா அதிகாரமும் உள்ள பயனரான ரூட்டுக்கென ஒதுக்கி வைக்கிறது. சாதாரணப் பயனர்களுக்கு இடம் இல்லாமல் போன பிறகும் ரூட்டால் எழுத முடிவது அதனால்தான். “எனக்கு வேலை செய்கிறதே” என்று ரூட் ஆக நுழைந்து பார்த்துச் சொல்வது எதையும் நிரூபிக்காது.

அப்டைம் காட்டும் மூன்று லோடு எண்களைப் பலர் சிபியு பயன்பாடு என்றே எண்ணுகிறார்கள். அவை கடந்த 1, 5, 15 நிமிடங்களின் சராசரி. 12, 6, 2 என்று இருந்தால் சுமை ஏறிக்கொண்டிருக்கிறது. 2, 6, 12 என்றால் தணிந்துகொண்டிருக்கிறது. சர்வரில் எத்தனை கோர் என்பதை என்ப்ராக் கொண்டு தெரிந்துகொண்ட பிறகே அந்த எண்களுக்கு அர்த்தம் கிடைக்கும். லினக்ஸ் இன்னொன்றையும் சேர்த்து எண்ணுகிறது: டிஸ்க் அல்லது நெட்வொர்க் சேமிப்பகத்தின் பதிலுக்காக அசையாமல் காத்திருக்கும் புராசஸ்கள். லோடு 200 இருக்கும், சிபியு சும்மா கிடக்கும். டாப் பட்டியலில் நிலை என்ற இடத்தில் டி (D) என்று நிற்பவை அவைதான். புராசஸை நிறுத்தும் கட்டளையான கில் -9 கொடுத்தாலும் பெரும்பாலும் அவை நகராது. அவை எதற்காகக் காத்திருக்கின்றனவோ அந்தச் சேமிப்பகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

நினைவகத்தில் ஃப்ரீ என்ற நெடுவரிசை சிறியதாக இருப்பதைக் கண்டு பதற வேண்டாம். காலியாக இருக்கும் நினைவகத்தை லினக்ஸ் கோப்புகளுக்கான தற்காலிகச் சேமிப்பாகப் பயன்படுத்திக்கொள்ளும், தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டியது அவெய்லபிள் என்ற நெடுவரிசை. நள்ளிரவில் தரவுத்தளம் காரணமில்லாமல் செத்துப்போயிருந்தால், லினக்ஸின் மையமான கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸேஜில், நினைவகம் தீர்ந்ததைக் குறிக்கும் ஓஓஎம் என்று தேடுங்கள். நினைவகம் முற்றிலும் தீர்ந்தபோது கர்னலே அதைக் கொன்றிருக்கலாம்.

இனி மாற்றும் கட்டளைகள். இங்கே முதல் ஆபத்து கட்டளையில் இல்லை, எந்த சர்வரில் தட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. ஒருமுறை சோதனை சர்வரை ரீபூட் செய்வதாக எண்ணி, பயனர்கள் வேலை செய்துகொண்டிருந்த சர்வரை ரீபூட் செய்தேன். இரண்டு ஜன்னல்களும் ஒரே கறுப்பு, ஒரே எழுத்துரு. அது திரும்ப எழுந்து வர ஆன ஆறு நிமிடங்களும் எனக்கு இன்றும் மறக்கவில்லை. அன்று முதல் முதன்மை சர்வர்களில் கட்டளை தட்டும் வரியின் தொடக்கமான ப்ராம்ப்ட் சிவப்பு நிறத்தில், சர்வரின் முழுப் பெயரோடு இருக்கும். டெபியனில் மாலி-கார்டு என்று ஒரு பொதி இருக்கிறது. தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து ரீபூட் அல்லது ஷட்டவுன் கொடுத்தால், அது முதலில் அந்த சர்வரின் பெயரைத் தட்டச் சொல்லும். பெயர் தவறினால் நிறுத்திவிடும். அந்த ஒரு கேள்வி போதும், தூக்கம் கலைந்துவிடும்.

இது புதியவர்களின் தவறு என்று யாரும் எண்ண வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில், நகல் தரவுத்தள சர்வரில் இருப்பதாக எண்ணிய பொறியாளர் ஒருவர் முதன்மை சர்வரின் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. நீண்ட, சோர்வான வேலை நாளின் முடிவில் நடந்தது அது. அந்த நிறுவனம் எதையும் மறைக்காமல் முழு விவரத்தையும் வெளியிட்டது. நம் தொழிலுக்கு அது செய்த பெரும் உதவி என்றே கருதுகிறேன். அடுத்த மாதம் 28ஆம் தேதி, அமேசானின் இணையச் சேமிப்பகமான எஸ்3 சேவையில் ஒரு கட்டளையின் உள்ளீடு தவறாகத் தட்டப்பட்டதால், நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் நீக்கப்பட்டன. சேவை சில மணி நேரம் முடங்கியது. அதன் பிறகு அவர்கள் கருவியையே மாற்றினார்கள்: சர்வர்களை மெதுவாக மட்டுமே நீக்கும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போக விடாது. ஆளைத் திட்டுவதைவிடக் கருவியைத் திருத்துவதே உருப்படியான வேலை.

பழைய கோப்புகளைச் சுத்தம் செய்ய ஃபைண்ட் கட்டளையைத் தினமும் பயன்படுத்துகிறோம். அது தனக்குக் கொடுக்கும் நிபந்தனைகளை இடமிருந்து வலமாகப் படிக்கிறது. பெயர் நிபந்தனைக்கு முன்னால் -டெலீட் என்று எழுதிவிட்டால், பெயரைப் பார்ப்பதற்கு முன்பே அழித்துவிடும். அந்தக் கோப்புறையில் எதுவும் மிஞ்சாது. எனவே முதலில் -ப்ரிண்ட் போட்டு ஓட்டுங்கள், வரும் பட்டியலைக் கண்ணால் பாருங்கள், பிறகு அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் -டெலீட் என்று மாற்றுங்கள். -எம்டைம் +7 என்றால் ஏழு நாள் கடந்தவை என்றுதான் தோன்றும். ஆனால் முழு 24 மணி நேரங்களாக மட்டுமே அது எண்ணுவதால், எட்டு நாள் முடிந்தவையே அகப்படும்.

கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்கில் மூலக் கோப்புறையின் கடைசியில் சாய்கோடு இருந்தால் உள்ளே இருப்பவை மட்டும் நகலாகும். இல்லாவிட்டால் கோப்புறையே நகலாகும். இதில் குழப்பிக்கொண்டு, கூடவே --டெலீட் விருப்பத்தையும் சேர்த்தால், போய்ச் சேர வேண்டிய இடத்தில் இருந்த நல்ல கோப்புகள் துடைக்கப்பட்டுவிடும். -என் கொடுத்து ஒத்திகை பார்க்காமல் நான் ஆர்சிங்க் ஓட்டுவதே இல்லை.

ஸ்கிரிப்ட்களில் காலி மாறி, அதாவது மதிப்பு எதுவும் இல்லாத வேரியபிள், இன்னொரு படுகுழி. 2015 தொடக்கத்தில் லினக்ஸுக்கான ஸ்டீம் மென்பொருளின் ஸ்கிரிப்ட் ஒன்றில், கோப்புறைப் பாதை இருக்க வேண்டிய மாறி காலியாகிவிட்டது. அழிக்கும் கட்டளை கோப்புறைகளின் உச்சியிலிருந்து தொடங்கி, பயனரின் சொந்தக் கோப்புகளைத் துடைத்துப் போட்டது. பேஷ் ஸ்கிரிப்ட்டில் மாறியின் பெயரை நெளிவு அடைப்புக்குள் எழுதி, பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் போட்டால், அது காலியாக இருக்கும்போது ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். இரண்டே எழுத்து.

குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் க்ரானின் பட்டியலுக்கான க்ரான்டேபில் -இ என்றால் திருத்தம், -ஆர் என்றால் மொத்தமாக அழிப்பு. கீபோர்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள். உறுதிதானா என்ற கேள்வியும் வராது. ஆகவே க்ரான்டேப் -எல் காட்டும் பட்டியலைத் தினமும் ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள். கையால் ஓட்டினால் ஓடும் ஸ்கிரிப்ட் க்ரானில் ஓடவில்லை என்றால், பெரும்பாலும் கட்டளைகளை எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் பாத் மாறியில் கோளாறு இருக்கும், அல்லது அந்த வரியில் சதவீதக் குறி இருக்கும். அந்தக் குறியை க்ரான் புதிய வரி என்று எடுத்துக்கொள்ளும். முன்னால் பின்சாய்கோடு வேண்டும்.

கில் பற்றிச் சுருக்கமாக: முதலில் எண் எதுவும் இல்லாமல் கொடுங்கள். அது 15, அதாவது “முடித்துக்கொள்” என்ற வேண்டுகோள். புராசஸ் தன் கோப்புகளை மூடிவைக்க அவகாசம் கிடைக்கும். 9 அந்த அவகாசத்தைத் தராது.

தொலைவிலுள்ள சர்வரில் எஸ்எஸ்ஹெச் அமைப்பைத் திருத்தினால், ரீலோட் செய்வதற்கு முன் எஸ்எஸ்ஹெச்டி -டி (சிறிய t) கொடுத்து இலக்கணப் பிழை பாருங்கள். திறந்திருக்கும் இணைப்பை மூடாமல், இன்னொரு ஜன்னலில் புதிதாக நுழைய முடிகிறதா என்று சோதியுங்கள். ஃபயர்வால் விதிகளை மாற்றும்போது, ஐந்து நிமிடத்தில் பழைய விதிகளுக்குத் திரும்பும்படி, சொன்ன நேரத்தில் ஒருமுறை ஓட்டும் அட் கட்டளையில் ஒரு வேலையை முன்பே போட்டு வையுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அதை நீக்கிவிடலாம். இல்லையென்றால், வெளியே பூட்டப்பட்டுக் காத்திருக்கும் நேரம் ஐந்து நிமிடத்தோடு முடியும். நீண்ட வேலைகளை டிமக்ஸ் அல்லது ஸ்க்ரீனுக்குள் ஓட்டுங்கள். இணைப்பு அறுந்தால் வேலையும் அறுந்துவிடக் கூடாது.

கடவுச்சொல்லைக் கட்டளையோடு சேர்த்துத் தட்டும் வழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். வழக்கமான அமைப்பில், ஓடும் புராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் போடும் எந்தப் பயனருக்கும் அது தெரியலாம், ஹிஸ்டரியிலும் தங்கும். உரியவர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும் 600 அனுமதியுள்ள ஒரு கோப்பில் வைத்து அங்கிருந்து படிக்கச் செய்யுங்கள்.

கிட்லேப் சம்பவத்தில் தரவைவிட என்னை அதிகம் பாதித்தது பேக்கப் கதை. தினமும் எடுக்கப்படுவதாக நம்பிய பேக்கப் இல்லவே இல்லை. தரவுத்தளத்தை நகலெடுக்கும் கருவியான பிஜிடம்ப்பின் 9.2 பதிப்பு, 9.6 தரவுத்தளத்தை நகலெடுக்க மறுத்துத் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் அவர்களைக் காப்பாற்றியது.

அந்த அறிக்கையைப் படித்த அன்றே நான் பொறுப்பில் இருந்த சர்வர் ஒன்றில் பேக்கப் கோப்புறைக்குள் போய் எல்எஸ் -எல் போட்டேன். நாள்தோறும் ஒரு கோப்பு, பெயரும் தேதியும் மிகச் சரி. அளவு நெடுவரிசையில் 20, 20, 20 என்று பதினோரு வரி. உள்ளே எதுவும் வராவிட்டாலும், தரவைச் சுருக்கும் ஜிஜிப் எழுதிவைக்கும் வெற்றுக் கோப்பின் அளவு 20 பைட். தரவுத்தளத்தின் கடவுச்சொல் மாறியிருந்தது. நகலெடுக்கும் டம்ப் தோற்றது, ஆனால் அதன் வெளியீட்டை அடுத்த கட்டளைக்குக் கடத்தும் பைப்பின் மறுமுனையில் ஜிஜிப் வென்றது. பேஷ் கடைசிக் கட்டளையின் முடிவையே எடுத்துக்கொள்வதால், பதினோரு நாளும் “வெற்றி” என்று பதிவாகியிருந்தது.

அன்றே ஸ்கிரிப்ட்டில், பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்றே சொல்லும் பைப்ஃபெயில் சேர்த்தோம்; முந்தைய நாளைவிடப் பாதிக்கும் குறைவான அளவு வந்தால் எச்சரிக்கை போகும்படி ஒரு வரியும் எழுதினோம். இப்போது மாதத்தின் முதல் திங்கட்கிழமை, முந்தைய இரவின் பேக்கப்பை ஒரு காலி சர்வரில் முழுமையாக மீட்டெடுத்து, முக்கிய அட்டவணைகளின் வரிசை எண்ணிக்கையை முதன்மை சர்வரோடு ஒப்பிடுகிறோம். அந்த வேலையை இப்போது பார்த்துக்கொள்வது, அன்று இரவு என்னை அழைத்த அதே தம்பிதான்.