டார்மன்சி: உறக்கமா, உறங்குநிலையா?

டார்மன்சி என்னும் ஆங்கிலச் சொல், உறங்குதல் என்று பொருள்படும் ‘டோர்மீரே’ என்ற இலத்தீன் வினையடியிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. தங்கும் விடுதிகளில் நாம் கேட்கும் ‘டார்மிட்டரி’யும் அந்த வேரில் கிளைத்ததே. தாவரவியலில், விதை, மொட்டு, கிழங்கு போன்ற உயிருள்ள உறுப்பொன்று தன் புறவளர்ச்சியைச் சில காலம் நிறுத்திவைப்பதை அச்சொல் குறிக்கிறது. அந்த நிறுத்தம் சூழலால் நேர்வதா, அதே செடியின் வேறோர் உறுப்பால் நேர்வதா, அல்லது அந்த உறுப்புக்குள்ளேயே காரணம் உள்ளதா என்று 1987இல் லாங் முதலிய தோட்டக்கலை அறிஞர்கள் அதை மூன்றாக வகுத்தனர்.

ஊனுண்ணித் தாவரம் வளர்ப்போரிடையே இச்சொல் பெரும்பாலும், பொறிபோல் மூடும் இலைகளால் பூச்சி பிடிக்கும் வீனஸ் பூச்சிப்பொறியை ஒட்டியே பேசப்படுகிறது. அதன் தாயகம், அமெரிக்காவின் வட கரோலினாவில் வில்மிங்டன் நகரைச் சுற்றியும் தென் கரோலினாவின் வடகிழக்கு ஓரத்திலும் உள்ள கடலோரச் சமவெளி. அங்கே ஜனவரியில் பகல் வெப்பம் 13 பாகை செல்சியஸை ஒட்டியும் இரவு வெப்பம் 2 பாகையை ஒட்டியும் இருக்கும். நடுக்கோடையில் 14 மணி நேரத்தைத் தாண்டும் பகல்பொழுது, டிசம்பரில் ஏறத்தாழ 10 மணி நேரமாகக் குறுகிவிடும். நிமிர்ந்து நின்ற கோடை இலைகள் நுனியிலிருந்து கருகத் தொடங்க, அவற்றினிடையே குட்டையான, அகன்ற காம்புடைய புதிய இலைகள் தரையோடு தரையாகப் படர்கின்றன. பொறிகள் தொட்டாலும் மெதுவாகவே மூடும், சில மூடுவதேயில்லை. ஆனால் மண்ணுக்குள் வெண்மையான கிழங்குத்தண்டு கெட்டியாகவே இருக்கும். இதைக் கண்டு செடி செத்துவிட்டது என்று தொட்டியோடு தூக்கி எறிபவர்கள் உண்டு.

சான் பிரான்சிஸ்கோ போன்ற மிதமான கடற்கரை நகரங்களில்தான் சொல்லின் பொருள் சற்று மங்குகிறது. அங்கே ஜனவரி இரவுகளும் சராசரியாக 8 பாகையளவில் நின்றுவிடுவதால், உறைபனி இல்லாமல் செடி எப்படி உறங்கும் என்ற ஐயம் எழுவது இயல்பே. உறைபனி தேவையில்லை, பகல் குறுகுவதும் இரவு குளிர்வதும் சில மாதங்கள் சேர்ந்து நீடித்தால் போதும். ஆகையால் திறந்தவெளியில் வைத்த செடி அங்கே தானாகவே அடங்குகிறது. சூடேற்றிய அறைக்குள் கொண்டுபோவதுதான் அதற்குத் தீங்கு. அந்த மாதங்களில் மண் ஈரமாக இருந்தால் போதும், தொட்டியடியில் நீர் நிறைந்து நிற்க வேண்டியதில்லை. உடன் வளரும் சரசீனியா குடுவைச் செடிகளும் ஒரே மாதிரி நடப்பதில்லை: சரசீனியா ஃப்ளாவா குடுவையற்ற தட்டை இலைகளோடு குளிர்காலத்தைக் கழிக்க, சரசீனியா பர்ப்யூரியா தன் குடுவைகளை அப்படியே வைத்திருக்கிறது. இலைகளிலுள்ள பசைத்துளிகளால் பூச்சி பிடிக்கும் டிரோசிரா இன்டர்மீடியாவின் வடபுல வகைகள் இலைகளைச் சுருட்டி இறுக்கமான குளிர்கால மொட்டாகின்றன. அதே இனத்தின் வெப்பமண்டல வகைகள் மொட்டாவதே இல்லை. ஜனவரி இரவும் 20 பாகையை ஒட்டியிருக்கும் சென்னையோ இதில் சேராத கடற்கரை. அங்கே பூச்சிப்பொறிக்கு வேண்டிய குளிர் இயற்கையில் கிடைக்காது.

டார்மன்சியைத் தமிழில் ‘செயலற்ற நிலை’ என்று எழுதுவது பொருந்தாது, ஏனெனில் பச்சை இலையுள்ள செடி குளிர்காலத்திலும் சிறிதளவு உணவு தயாரிக்கிறது. ‘அறிதுயில்’ அழகான சொல்தான்; ஆனால் அது திருமாலின் துயிலுக்கும் மனவசியத்துக்கும் உரியதாகிவிட்டது. ‘விதை உறக்கம்’ பாடநூல்களில் வழங்குவது. எனினும் தனியே ‘உறக்கம்’ என்றால் அன்றாடத் தூக்கத்தையே நினைவூட்டும். பருவம் முழுதும் நீடிப்பதைச் சொல்ல ‘உறங்குநிலை’ என்பதே தெளிவு. ‘குளிர்கால உறக்கம்’ விலங்குகளுக்கு ஏற்கெனவே வழங்குவதால் அதைச் செடிக்கு நீட்டாமல் ‘குளிர்கால உறங்குநிலை’ எனலாம். அடைமொழி இங்கே வெறும் அலங்காரமன்று: நீலகிரிப் புல்வெளியில் வளரும் டிரோசிரா பெல்டேட்டா மழை ஓய்ந்து நிலம் காயும்போது தண்டும் இலையும் உலர்ந்து மண்ணுக்குள் சிறு கிழங்காக மட்டும் எஞ்சுகிறது, அதற்கு ‘வறட்சிக்கால உறங்குநிலை’ என்பதே பொருந்தும்.