பரணில் தாத்தாவின் ரெட்டைக் குழல் துப்பாக்கி கிடைத்தால்

சில மாதம் முன்பு பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு போன். பழைய வீட்டை இடிக்கப் போகிறார்களாம், பரணைக் காலி செய்யும்போது சாக்கில் சுற்றிய ரெட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று கிடைத்திருக்கிறது. "சார், காரில் போட்டு உங்கள் ஆபீசுக்கே கொண்டு வந்துடட்டுமா?" என்றார் பேரன். தொடாதீர்கள், வைத்த இடத்திலேயே இருக்கட்டும் என்றேன். ஆயுத லைசென்ஸ் வழக்குகளைப் பல வருடமாகப் பார்க்கிறேன். இந்த ஒரு கார் பயணத்தில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

முதலில் ஸ்டேஷனுக்கு எழுத்துமூலம் தகவல் கொடுத்துவிட்டு, லைசென்ஸ் பெற்ற டீலரிடம் வேலை செய்யும் மிஸ்திரியை அழைத்துக்கொண்டு போனேன். அவர் நெம்புகோலைத் தள்ளி குழலை மடக்கியதும் அப்படியே நின்றுவிட்டார். இடது குழலில் ஒரு தோட்டா. பித்தளை அடி முழுக்கப் பச்சை பூத்து, காகித உறை ஊறி ஒட்டிப் போயிருந்தது. இரண்டு நாளாகப் பேரக்குழந்தைகள் அதைத் தூக்கிக்கொண்டு போட்டோ எடுத்திருக்கிறார்கள்.

குழல் டமாஸ்கஸ். இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றி அடித்து ஒட்டியது, துடைத்தால் மரத்தின் வரிபோலத் தெரியும். அடியில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் குழலைச் சோதித்துக் குத்திய முத்திரை, மேலே சென்னை பி. ஓர் அண்ட் சன்ஸ் பெயர். கடிகாரத்துக்குப் பேர் போன அதே கடைதான், அந்தக் காலத்தில் துப்பாக்கியும் விற்றார்கள். இந்த மாதிரிக் குழல் கருமருந்து என்ற பழைய வெடிமருந்தின் காலத்துக்குச் செய்தது. தோட்டா அறையும் பெரும்பாலும் இரண்டரை அங்குலம், இன்றைய இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் கிழிந்து சுடுகிறவர் கையே போகலாம்.

"நூறு வருஷமாச்சே சார், பழம்பொருள், லைசென்ஸ் எதுக்கு?" என்று அந்தப் பேரனும் கேட்டார், எல்லோரும் கேட்கிறார்கள். வயது மட்டும் போதாது. 1959 ஆயுதச் சட்டம் 45ஆவது பிரிவு விலக்குத் தருவது, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத பழைய ஆயுதத்துக்கு மட்டும்தான். சுடும் நிலையில் இருந்தால் அது துப்பாக்கிதான். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. பயந்துபோய் கிணற்றில் போடுவது, பட்டறையில் கொடுத்து அறுப்பது இதெல்லாம் இன்னும் மோசம், தயவுசெய்து செய்யாதீர்கள். 21ஆவது பிரிவின்படி தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். அப்புறம் வாரிசு லைசென்ஸுக்கு மனு போடலாம். ஒருவர் பெயரில் மொத்தம் 2 துப்பாக்கிதான் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பெரியவர் உயிரோடு இருக்கும்போதே மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது: அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, 25 ஆண்டு அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ 2016 விதிகளின்படி வாரிசைக் காட்டலாம். இது தெரியாமல்தான் பாதிப் பேர் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

சரி, இது யார் யார் கையில் இருந்தது என்று எப்படித் தெரியும்? பர்டி, ஹாலண்ட் போன்ற லண்டன் கம்பெனிகள் வரிசை எண்ணை வைத்து முதலில் வாங்கியவர் யார் என்று பழைய பேரேட்டில் பார்த்துச் சொல்வார்கள். விலாசமே காலம் சொல்லும். பர்டி துப்பாக்கியில் 314½ ஆக்ஸ்போர்டு தெரு என்றிருந்தால் 1882க்கு முந்தையது. நம்மூர் வீடுகளில் அந்த வேலையை லைசென்ஸ் புத்தகங்கள் செய்கின்றன. இந்த வீட்டு டிரங்குப் பெட்டியில் மூன்று இருந்தன. கொள்ளுத்தாத்தா பெயரில் ஒன்று, தாத்தா பெயரில் இரண்டு. எந்த வருடம் எத்தனை தோட்டா வாங்கினார் என்பது வரை மையில் எழுதியிருக்கிறது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு தோட்டாப் பக்கம் காலி. இடையில் செருகியிருந்தவை எல்லாம் தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் ஒப்படைத்த ரசீதுகள். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒன்று, ஒன்றைக்கூடத் தொலைக்காமல் வைத்திருந்திருக்கிறார் அந்த மனுஷன்.

அந்த ரசீதுகளையும் சேர்த்துத்தான் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்திருக்கிறோம். துப்பாக்கி இப்போது டீலரின் இரும்பு அலமாரியில் இருக்கிறது, தோட்டா இல்லாமல்.