ஊரடங்கில் ஒரு நோட்டு: வரையும்போது மனம் ஏன் லேசாகிறது?

2020 மார்ச் 25 அன்று நாடு முழுக்க ஊரடங்கு வந்தபோது 21 நாள்தான் என்றார்கள். அது முடிந்ததும் மே 3 வரை என்றார்கள். அப்புறம் மே 17, அப்புறம் மே 31. கும்பகோணத்தில் ஓவியம் படித்துக்கொண்டிருந்த என் அக்கா மகள் பாபநாசம் பக்கம் கிராமத்து வீட்டில் இருந்தாள். வண்ணமும் தூரிகையும் விடுதி அறையில் மாட்டிக்கொண்டன. கையில் இருந்தது ஒரு கோடு போடாத நோட்டும் பேனாவும்தான். அரிவாள்மனை, நெல் அளக்கும் மரக்கால், முற்றத்தில் காய்ந்த உளுந்துச் செடி என்று கண்ணில் பட்டதையெல்லாம் வரைய ஆரம்பித்தாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வரைவதற்கு முன் மனசு எப்படி இருந்தது, வரைந்த பின் எப்படி இருந்தது என்று இரண்டு வரி. ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: “முன்: நெஞ்சு படபடன்னு இருக்கு. பின்: பசிக்குது.”

கல்லூரி திறந்த பிறகு அதையே தன் படிப்புக்கான வேலையாக விரித்தாள். படங்களைவிட அந்த அடிவரிகள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன. படபடப்பு போய்ப் பசி வந்தது என்றால் உடம்புக்குள் ஏதோ நடந்திருக்கிறது. அது என்ன?

முதலில் படபடப்பைப் பார்ப்போம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 45 பேர் கணினியில் ஒரு விளையாட்டு ஆடினார்கள். திரையில் பாறை வரும். அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். இருந்தால் கையில் சுரீரென்று மின்அதிர்ச்சி. அவர்களுடைய வியர்வையையும் கண்பாவை விரிவதையும் அளந்தார்கள். அதிர்ச்சி வருவது நிச்சயம் என்று தெரிந்தபோது பதற்றம் குறைவாக இருந்தது. வரலாம், வராமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதி நின்றபோதுதான் உச்சத்துக்குப் போனது. ஊரடங்கை நீட்டிக்கொண்டே போன அந்த மாதங்களில் நம் எல்லோருக்கும் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். கெட்ட செய்தியைவிட, என்ன செய்தி வரும் என்று தெரியாததுதான் அதிகம் வாட்டியது.

மூளை ஆபத்து என்று கருதினால் அதற்குள் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி பிட்யூட்டரிச் சுரப்பிக்குச் சேதி சொல்கிறது. அது சிறுநீரகங்களின் மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளைத் தூண்டுகிறது. அங்கிருந்து கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. கொஞ்ச நேரத்துக்கு அது நல்லதுதான், ஓடவும் எதிர்க்கவும் சக்தி கொடுக்கும். நாள்கணக்கில் இறங்காமல் நின்றால் தூக்கம் கெடும், சிடுசிடுப்பு வரும்.

அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமலும் அவர் குழுவினரும் 39 பேருக்கு 45 நிமிடம் கொடுத்து, களிமண், மார்க்கர் பேனா, ஒட்டுவேலைக்கான காகிதம் எதை வைத்தும் எதையும் செய்யலாம் என்றார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்ட்டிசாலை அளந்தார்கள். 2016இல் வெளியான முடிவின்படி சுமார் 75 சதவீதம் பேருக்குக் குறைந்திருந்தது. ஏற்கெனவே கலைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இதில் வித்தியாசம் இல்லை. ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்த குழு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்பது இந்த ஆய்வின் குறை. கார்ட்டிசால் காலையில் ஏறி, பொழுது போகப் போகத் தானாகவே இறங்குவது வழக்கம். அதனால் குறைந்ததெல்லாம் கலையால்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் எனக்கு வரையவே வராது என்று ஒதுங்குகிறவர்கள், பழக்கம் இல்லாதவர்களுக்கும் குறைந்ததைக் கவனிக்க வேண்டும்.

சரி, வரைவதில் அப்படி என்ன இருக்கிறது? 1960களில் சிகாகோவில் ஓவிய மாணவர்களைக் கவனித்த உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி, அவர்கள் பசியையும் நேரத்தையும் மறந்து வேலை செய்வதையும், படம் முடிந்ததும் அதில் ஆர்வம் போய்விடுவதையும் பார்த்தார். செய்து முடித்த பொருளைவிட, செய்துகொண்டிருப்பதுதான் அவர்களை இழுத்தது. வேலை நம் திறமைக்குச் சற்றே சவாலாக இருக்க வேண்டும், சரியா தப்பா என்று உடனுக்குடன் தெரிய வேண்டும். அப்போது கவனம் முழுக்க அதில் போய்விடுகிறது. சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகில் உரு செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த அந்த மெழுகு ஆறினால் வளையாது, சூடு கூடினால் குழைந்துவிடும். விரல் நுனியில் நொடிக்கு நொடி பதில் கிடைக்கிறது. மனம் ஒரே நேரத்தில் கையாளக்கூடிய விஷயங்கள் மிகக் குறைவு. கையும் கண்ணும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டால், அடுத்த அறிவிப்பு என்னவோ என்ற கவலைக்கு இடம் சுருங்கிவிடுகிறது.

பக்கத்து வீட்டு அத்தையையும் என் அக்கா மகள் வரைய உட்காரவைத்தாள். வெறும் தாளைக் கொடுத்தபோது என்ன போடுவது என்று தெரியாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். புள்ளி வைத்துக் கொடுத்ததும் நெளிக்கோலம் தானாக வந்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கரி, காசர் என்ற ஆய்வாளர்கள் இருவர் 2005இல் வெளியிட்ட சோதனை இதை ஒட்டியது. 84 கல்லூரி மாணவர்களை முதலில் பயந்த சம்பவம் ஒன்றை எழுதவைத்து, பிறகு 20 நிமிடம் வண்ணம் தீட்டச் சொன்னார்கள். வட்டத்துக்குள் கோலம்போல் அமைந்த மண்டல வடிவமோ கட்டம்போட்ட வடிவமோ கிடைத்தவர்களுக்குப் பதற்றம் நன்றாக இறங்கியது. வெறும் தாள் கிடைத்தவர்களுக்கு அவ்வளவாக இல்லை. பின்னால் வந்த ஆய்வுகளில் சில இதே முடிவைத் தரவில்லை. ஆனால் பிடித்துக்கொள்ள ஒரு சட்டகம் இருந்தால் தொடங்குவது எளிது என்பது நம் வாசல்களுக்குத் தெரிந்த விஷயம்.

மனசில் உள்ள துக்கத்தைத் தாளில் கொட்டினால் பாரம் இறங்கும் என்று நாம் நம்புகிறோம். நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். உளவியலாளர்கள் எலன் வின்னர், ஜெனிஃபர் டிரேக் இருவரும் சோகமான திரைப்படத்தைக் காட்டிவிட்டு, சிலரை அந்தச் சோகத்தையே வரையச் சொன்னார்கள். மற்றவர்களை அதோடு தொடர்பில்லாத ஏதாவது வரையச் சொன்னார்கள். உடனடி மனநிலை அதிகம் தேறியது இரண்டாவது கூட்டத்துக்குத்தான். நோட்டிலும் அந்தச் சாயல் இருக்கிறது. பூட்டிய பேருந்து நிலையத்தை நினைவிலிருந்து வரைந்த பக்கத்தின் அடியில், “பின்: அதேதான்” என்று எழுதியிருக்கிறாள். மரக்காலின் பித்தளைப் பூணைப் பார்த்துப் பார்த்து வரைந்த பக்கத்தில், “பின்: மணி ஆனதே தெரியல.”

இந்த லேசு மறுநாள் வரை நிற்குமா? நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் தாம்லின் கானர் குழு 658 இளைஞர்களை 13 நாள் குறிப்பெழுதவைத்தது. படைப்பு வேலை கூடுதலாகச் செய்த நாளுக்கு மறுநாள் அவர்கள் அதிக உற்சாகமாக இருந்தார்கள். முதல் நாள் சந்தோஷமாக இருந்ததால் மறுநாள் அதிகம் படைத்தார்கள் என்று தலைகீழாகச் சொல்ல வழியில்லை. அந்தத் திசையில் தொடர்பு தெரியவில்லை.

இதெல்லாம் அன்றாடப் பதற்றத்துக்கு. வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் பேனாவை நம்பிக் காத்திருக்கக் கூடாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கிறது.

மற்றவர்களுக்கு, அவள் தெருவில் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: நிறைய கோடு உள்ள பொருளாக எடுங்கள். முறத்தின் பின்னலோ பனையோலை விசிறியோ போதும். தாளைவிடப் பொருளை அதிக நேரம் பாருங்கள். அழிக்க வேண்டாம், தப்பான கோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோடு போடுங்கள். போனை வேறு அறையில் வையுங்கள்.