பேர் போடுறதுக்கு முன்னாடியே அழ வைப்பது எப்படி?

2009-இல் வந்த ‘ஸ்டார் ட்ரெக்’ படத்தைப் பற்றி ரசிகர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், சுற்றிச் சுற்றி அந்த முதல் பத்து நிமிடத்துக்குத்தான் வருவார்கள். “இன்னும் படத்தோட பேரே போடல, அதுக்குள்ள கண்ணு கலங்கிடுச்சு” என்பார்கள். தீவிர ரசிகர்கள் சொன்னால் சரி, இந்த விண்வெளிக் கதை வரிசையின் நாயகர்களான கிர்க், ஸ்போக் எல்லாம் அவர்களுக்கு வீட்டு ஆட்கள் மாதிரி. விண்கலம் என்றாலே கொட்டாவி விடுகிற ஆட்களும், கூட வந்தவருக்குத் துணையாக உட்கார்ந்திருந்தவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.

காட்சி இதுதான். கெல்வின் என்ற விண்கலத்தை எதிரிக் கப்பல் ஒன்று தாக்குகிறது. கேப்டன் எதிரியிடம் பேசப் போய் அங்கேயே கொல்லப்பட, அடுத்த பொறுப்பில் இருக்கும் ஜார்ஜ் கிர்க் கப்பலை ஏற்கிறார். அவருடைய மனைவிக்கு அந்த நேரம் பார்த்துப் பிரசவ வலி. எல்லோரையும் சிறு கலங்களில் ஏற்றித் தப்ப வைக்கிறார், மனைவியையும்தான். கப்பலைத் தானாக ஓடவிட்டு இவரும் கிளம்பலாம் என்றால் அந்த வசதி தாக்குதலில் அழிந்துவிட்டது, யாராவது ஒருவர் உள்ளே இருந்து ஓட்டியாக வேண்டும். அவரே இருந்து எதிரிக் கப்பல் மீது மோதுகிறார். மோதுவதற்குச் சற்று முன்னால் குழந்தை பிறக்கிறது, அழுகுரலை ஒலிபெருக்கியில் கேட்கிறார், என்ன பெயர் வைப்பது என்று இருவரும் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

இதில் என்ன புதிர் என்றால், இந்த மனிதரை நமக்குத் தெரியவே தெரியாது. அவருக்கு என்ன பிடிக்கும், எப்படிப்பட்டவர், ஒன்றும் சொல்லப்படவில்லை. பாத்திரத்தோடு பழகினால்தான் பாசம் வரும் என்று கதை எழுதக் கற்றுக்கொடுப்பவர்கள் சொல்வார்களே, அந்தப் பழக்கத்துக்கு இங்கே நேரமே இல்லை.

மூளைக்கு அவ்வளவு பழக்கம் தேவைப்படுவதில்லை என்பதுதான் விடை. 1944-இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு குட்டிப் படம் எடுத்தார்கள். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம், நடுவில் ஒரு பெட்டி, இவைதான் நடிகர்கள். அவை அங்குமிங்கும் நகர்வதைப் பார்த்த கிட்டத்தட்ட எல்லோருமே அதை ஒரு கதையாகத்தான் விவரித்தார்கள்: பெரியவன் முரடன், வட்டம் பயப்படுகிறது, சின்னவன் காப்பாற்ற வருகிறான். முகம் இல்லை, குரல் இல்லை, யார் யாரைத் துரத்துகிறார், யார் யாருக்காகத் திரும்பி வருகிறார் என்ற உறவு மட்டும்தான் இருந்தது, அதுவே போதுமானதாக இருந்தது. கெல்வின் காட்சியிலும் கணவன், மனைவி, பிறக்கப்போகும் குழந்தை என்று மூன்று புள்ளிகளை வைத்துவிடுகிறார்கள், அவற்றை இணைக்கும் கோடுகளை நாமே நம் வாழ்க்கையிலிருந்து எடுத்து இழுத்துக்கொள்கிறோம்.

அடுத்தது உடம்பின் வேலை. சண்டையோடு தொடங்குகிறதே, அது வெறும் பரபரப்புக்கு மட்டும் இல்லை. வெடிச் சத்தம், ஓட்டம், கத்தல் எல்லாம் சேர்ந்து இதயத்துடிப்பை ஏற்றிவிடுகின்றன, அட்ரினலின் சுரக்கிறது. மனசு ஒரு நொடியில் பயத்திலிருந்து பாசத்துக்குத் தாவிவிடும், ஆனால் இரத்தத்தில் கலந்தது அவ்வளவு சீக்கிரம் வடியாது, சில நிமிடமாவது ஆகும். அந்த மிச்சம், அடுத்து எந்த உணர்ச்சி வருகிறதோ அதன் கணக்கில் போய்ச் சேர்ந்துகொள்கிறது என்பது டால்ஃப் ஜில்மன் என்ற ஆய்வாளர் 1970-களில் வளர்த்தெடுத்த கருத்து. பயத்துக்காக எகிறிய துடிப்பையே துக்கத்தின் துடிப்பாக நாம் எடுத்துக்கொள்கிறோம். இதே உரையாடலை ஓர் அமைதியான அறையில், நாற்காலியில் உட்கார்ந்து இருவர் பேசியிருந்தால் பாதி அளவுக்குக்கூடத் தாக்கியிருக்காது என்பது என் கணிப்பு.

சத்தத்தை அவர்கள் பயன்படுத்திய விதத்தையும் சொல்லியாக வேண்டும். சண்டையின் நடுவில் கப்பலின் பக்கவாட்டில் ஓட்டை விழுந்து ஒருவர் வெளியே இழுக்கப்படுவார், அந்த நொடியில் சத்தம் மொத்தமும் அறுந்துவிடும். காற்று இல்லாத இடத்தில் ஒலி பயணிக்க வழியில்லை என்பதால் அறிவியல்படியும் அது சரி (விண்வெளியில் குண்டு ‘டமால்’ என்று வெடிக்கும் படங்களையே பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஒரு சின்ன ஆறுதல்). ஒரே அளவில் தொடர்ந்து வரும் எதையும் மூளை கொஞ்ச நேரத்தில் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், மாற்றத்தைத்தான் கவனிக்கும், அதனால் எவ்வளவு பெரிய வெடியைவிடவும் அந்த மௌனம் உலுக்குகிறது. கடைசியில் மோதும் இடத்தில் வெடிச் சத்தமெல்லாம் பின்னால் போய்விட மைக்கேல் ஜியாக்கினோவின் இசை மட்டும் முன்னால் வரும். அங்கேயும் அதே உத்திதான்.

சரி, கண்ணீர் சரியாக எந்த இடத்தில் வருகிறது? அடுத்த தடவை பார்க்கும்போது உங்களையே கவனியுங்கள். தானியங்கி ஓட்டம் அழிந்துவிட்டது என்று தெரியும்போது நாற்காலியின் கையை இறுகப் பிடிப்பீர்கள், கண் காய்ந்துதான் இருக்கும். குழந்தை அழும் சத்தம் கேட்டதும்தான் கலங்கும். ஜார்ஜின் அப்பா பெயரான டைபீரியஸ் என்று வைக்கலாமா என்று மனைவி கேட்க, அதைப் போய் வைப்பதா என்று அவர் சிரித்துக்கொண்டே மறுப்பார், அங்கேதான் நிறையப் பேருக்குக் கொட்டிவிடுகிறது. 1979-இல் ஜே எஃப்ரன், திமோதி ஸ்பாங்லர் இருவரும் பெரியவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று ஆராய்ந்தபோது சொன்னது இதைத்தான்: இறுக்கம் ஏறும்போது அழுகை வருவதில்லை, இறுக்கம் தளரும் நொடியில் வருகிறது. காணாமல் போன பிள்ளை கிடைக்கும்வரை ஓடி ஓடித் தேடிய தாய், கிடைத்த பிறகுதானே உட்கார்ந்து அழுகிறாள்!

நரம்புகளின் கணக்கும் இதற்கு ஒத்துப்போகிறது. சண்டைக்கும் ஓட்டத்துக்கும் உடலைத் தயார் செய்வது பரிவு நரம்பு மண்டலம். அமைதிப்படுத்துவது துணைப்பரிவு நரம்பு மண்டலம், கண்ணீர்ச் சுரப்பிக்கு முக்கியக் கட்டளை வருவதும் இதன் வழியாகத்தான். மேல் இமையின் வெளி ஓரத்தில், கண்குழி எலும்பின் உட்பக்கத்தில் ஒரு பாதாம்பருப்பு அளவில் இருக்கிறது அந்தச் சுரப்பி, ஏழாவது மூளை நரம்பு அதற்குச் செய்தி கொண்டுபோகிறது. சாதாரணமாகக் கண்ணில் இருக்கும் நீர் ஏழெட்டு மைக்ரோலிட்டர்தான், ஒரு சொட்டில் ஆறில் ஒரு பங்குகூட வராது. அதற்கு மேல் வந்தால் மூக்கோரத்தில் இருக்கும் குட்டித் துளைகள் வழியாக மூக்குக்குள் வடியும், அதுவும் தாங்காதபோதுதான் கன்னத்தில் இறங்கும். அழுகையை அடக்கி விட்டேன் என்று நினைக்கிறவரை மூக்கு உறிஞ்சும் சத்தம் காட்டிக்கொடுப்பது இதனால்தான். தொண்டை அடைப்பதற்கும் ஓர் இழுபறிதான் காரணம். நிறையக் காற்று வேண்டும் என்று உடல் குரல்வளையைத் திறந்து வைக்கப் பார்க்கும், நாம் எச்சில் விழுங்க அதை மூடப் பார்ப்போம்.

பழைய ரசிகர்களுக்கு இன்னொரு அடுக்கும் உண்டு. அன்று பிறந்த குழந்தைதான் அவர்களுடைய நாயகன் கேப்டன் கிர்க். எதிர்காலத்திலிருந்து வந்த அந்த எதிரிக் கப்பல் வரலாற்றையே மாற்றிவிட்டது, அவர்கள் அறிந்த பழைய காலவரிசையில் ஜார்ஜ் அன்று சாகவில்லை, மகன் கேப்டன் ஆனதைப் பார்த்துப் பெருமைப்பட்டவர், இதைப் படத்தின் பின்பகுதியில் வயதான ஸ்போக்கே சொல்வார். அதனால் முதல்முறை பார்ப்பவர் ஒரு மரணத்துக்கு அழுகிறார் என்றால், இவர்கள் மறுபடி பார்க்கும்போது நடந்திருக்க வேண்டிய ஒரு முழு வாழ்க்கைக்கும் சேர்த்து அழுகிறார்கள். முடிவு தெரிந்துவிட்டதே என்று உடம்பு ஒன்றும் சலுகை தருவதில்லை. எனக்கு இப்போதெல்லாம் அழுகுரல் வருவதற்கு முன்னாலேயே தொண்டை அடைக்க ஆரம்பித்துவிடுகிறது.

அழாதவர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று திட்ட வேண்டியதில்லை. 1960-களில் ரிச்சர்ட் லாசரஸ் குழுவினர், பார்க்கவே கூசும் ஒரே படத்தை வேறு வேறு வர்ணனைகளோடு போட்டுக் காட்டினார்கள். உணர்ச்சி கலக்காமல், ஆராய்ச்சியாளர் தொனியில் விளக்கும் வர்ணனையைக் கேட்டவர்களின் உடலில் பதற்றம் குறைவாகவே பதிவானது. “இந்தக் கிராபிக்ஸை எப்படிப் பண்ணியிருப்பாங்க?” என்று யோசித்துக்கொண்டே பார்ப்பவர் தனக்குத்தானே அந்த வர்ணனையை ஓட்டிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

அழுதவர்களுக்கு அப்புறம் என்ன ஆகிறது? நெதர்லாந்தின் ஆட் விங்கர்ஹூட்ஸ், அஸ்மிர் கிராசானின் குழுவினர் சோகப் படம் போட்டு இதை அளந்து 2015-இல் வெளியிட்டார்கள். அழுதவர்களின் மனநிலை படம் முடிந்த கையோடு சரிந்தது, 20 நிமிடத்தில் பழைய இடத்துக்கு வந்தது, 90 நிமிடம் கழித்துப் பார்த்தால் படத்துக்கு முன்பு இருந்ததைவிட நன்றாகவே இருந்தது. அவர்கள் அளந்தது படம் முடிந்த பிறகு, நம் ஆட்களோ படம் தொடங்கும்போதே அழுதுவிடுகிறார்கள், அதனால் இதை அப்படியே இங்கே பொருத்த முடியாது. இருந்தாலும் ஸ்டார் ட்ரெக் 127 நிமிடப் படம், பத்தாவது நிமிடத்தில் அழுதவருக்கு அந்த 90 நிமிடக் கணக்கு கிளைமாக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது முடிகிறது.