பூங்கா வாசலில் யாருக்கு எவ்வளவு: தென்னாப்பிரிக்கத் தேசியப் பூங்காக்களின் கட்டணமும் செப்டம்பர் இலவச வாரமும்

டர்பனிலிருந்து காரில் புறப்பட்டு, டிராக்கன்ஸ்பர்க் மலைகளைப் பார்த்துவிட்டு, உள்நாட்டுச் சாலைகள் வழியாகக் கார்டன் ரூட் கடற்கரைக்கு இறங்க நினைக்கும் குடும்பங்கள் பெட்ரோல், சுங்கச்சாவடி, தங்குமிடம் ஆகியவற்றுக்குக் கவனமாகக் கணக்குப் போடுகின்றன. பூங்கா வாசல்களில் கட்ட வேண்டிய தொகை மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. தேசியப் பூங்காக்களை நிர்வகிக்கும் சான்பார்க்ஸ் அமைப்பு இத்தொகையை ஆளுக்கு, நாளொன்றுக்கு என்று வசூலிப்பதால், ஆறு பேர் கொண்ட குடும்பம் நான்கு பூங்காக்களில் நுழைந்தால் அது சிறு செலவாக இருக்காது.

கட்டணம் மூன்று படிகளாக உள்ளது. தென்னாப்பிரிக்கக் குடிமக்களுக்கும் இங்கு நிரந்தரமாக வசிப்போருக்கும் மிகக் குறைந்த கட்டணம்; ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதி நாடுகளின் வளர்ச்சிச் சமூகமான சாடெக்கின் உறுப்பு நாட்டினருக்கு அதைவிடக் கூடுதல்; மற்ற வெளிநாட்டினருக்கு முழுக் கட்டணம். உள்நாட்டுக் கட்டணம் பெரும்பாலான பூங்காக்களில் முழுக் கட்டணத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். உறவினரை உடன் அழைத்துச் செல்லும் நம்மவர்களுக்கு இந்தப் படிநிலை முக்கியமானது. மொரிஷியஸ் சாடெக் உறுப்பு நாடு என்பதால் அங்கிருந்து வரும் சித்தப்பா தம் பாஸ்போர்ட்டைக் காட்டி நடுப்படிக் கட்டணத்தில் நுழையலாம். சென்னையிலிருந்து வரும் அத்தை முழுக் கட்டணம் செலுத்த வேண்டும். பிரான்ஸின் பகுதியான ரீயூனியனிலிருந்து பிரெஞ்சு பாஸ்போர்ட்டில் வருபவருக்கும் அதே நிலைதான். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கட்டணம் இல்லை. பதினொரு வயது வரை சிறுவர் கட்டணம்.

இவற்றுக்கு மேல், ஆண்டுதோறும் செப்டம்பரில் தேசியப் பூங்கா வாரம் அறிவிக்கப்படுகிறது. 2006-இல் தொடங்கிய இத்திட்டத்தின்படி, அந்த நாட்களில் பகல் பார்வையாளராக வரும் தென்னாப்பிரிக்கக் குடிமக்கள் பெரும்பாலான தேசியப் பூங்காக்களில் நுழைவுக் கட்டணம் செலுத்தத் தேவையில்லை. அடையாள அட்டையைக் காட்டினால் போதும். பழைய பச்சை நிறப் புத்தகமும் 2013 முதல் வழங்கப்படும் ஸ்மார்ட் கார்டும் ஏற்கப்படும். அடையாள அட்டையே பதினாறு வயதில்தான் கிடைக்கிறது என்பதால், அதற்குக் குறைந்த வயதுப் பிள்ளைகளிடம் அதைக் கேட்பதில்லை. நிரந்தர வசிப்புரிமை பெற்றவர் சாதாரண நாட்களில் உள்நாட்டுக் கட்டணச் சலுகையைப் பெற்றாலும், இந்த வாரத்துச் சலுகை குடிமக்களுக்கே உரியது.

இலவசம் என்பது வாசலோடு நின்றுவிடுகிறது. தங்கும் அறை, கூடார இடம், தனியார் நடத்தும் கேளிக்கைகள் ஆகியவற்றுக்கு வழக்கமான பணம் உண்டு. கார்டன் ரூட் தேசியப் பூங்காவின் சிட்சிகாமா பகுதியில் ஸ்டார்ம்ஸ் நதி முகத்துவாரத்தை எடுத்துக்கொள்வோம்: கருநிறத் தண்ணீர் கடலில் கலக்கும் இடத்துக்கு மேலே கட்டப்பட்ட 77 மீட்டர் தொங்குபாலம் வரை மரப்படிகளில் நடந்து செல்வது நுழைவிலேயே அடங்கும், ஆனால் அதே ஆற்றில் துடுப்புப்படகு ஏறத் தனிக் கட்டணம். கேப்டவுன் வரை செல்வோர், மேசைமலைக் கேபிள் கார் தனி நிறுவனம் நடத்துவது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மக்கள் அடிக்கடி குழம்பும் இடம் டிராக்கன்ஸ்பர்க்தான். குவாசுலு-நட்டால் பக்கத்து மலைப் பூங்காக்களை, ராயல் நட்டால் உட்பட, மாகாண அமைப்பான எசெம்வேலோ நிர்வகிக்கிறது. சான்பார்க்ஸின் சலுகையை எதிர்பார்த்து அந்த வாசலில் வாதாடிப் பயனில்லை. மலையும் வேண்டும், இலவசமும் வேண்டும் என்பவர்கள் என்3 சாலையில் ஹாரிஸ்மித் வரை சென்று, ஆர்712 வழியாகக் கோல்டன் கேட் தேசியப் பூங்காவை அடைவதே நல்லது. மஞ்சள் மணற்பாறைகளுக்கு நடுவே செல்லும் அந்தச் சாலை பொதுச்சாலை என்பதால், நிற்காமல் கடந்து செல்பவருக்கு எந்த நாளிலும் கட்டணம் இல்லை. அங்கிருந்து புளூம்ஃபொன்டெய்ன் வழியே கிராடொக் பக்கத்து மவுன்டன் சீப்ரா, பிறகு யானைகளுக்குப் பெயர்பெற்ற ஆடோ, அதன் பின் கார்டன் ரூட் என்று வழி நெடுகத் தேசியப் பூங்காக்கள் வருகின்றன.

செப்டம்பரில் போவதற்கு இரண்டு இடைஞ்சல்கள் உண்டு. வசந்தம் என்று நம்பி மலையேற முடியாது: 2024 செப்டம்பரில் பெய்த பனியால் வான் ரீனன் கணவாயில் என்3 மூடப்பட்டு, வாகனங்கள் இரவு முழுவதும் நின்றன. அம்மாதம் நடுவில் புரட்டாசியும் பிறந்துவிடுவதால், விரதம் இருப்பவர்கள் பூங்கா உணவகத்தை நம்பாமல் புளிச்சாதம் கட்டிக்கொண்டு போவது நிம்மதி.

செப்டம்பரில் முடியாதவர்களுக்கு வைல்ட் கார்டு என்னும் ஆண்டு அட்டை இருக்கிறது. ஒருமுறை பணம் கட்டினால், அட்டையில் பெயர் உள்ளவர்கள் ஓராண்டுக்கு நாள்கட்டணம் இன்றி நுழையலாம். எந்தெந்தப் பூங்காக்கள் அடங்கும் என்பது அட்டை வகையைப் பொறுத்தது என்பதால், வாங்கும் முன் உங்கள் வழியிலுள்ள பூங்காக்களின் பெயர்களை அதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓரிரு பூங்காக்களோடு திரும்பும் உள்நாட்டுக் குடும்பத்துக்கு அது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. மேலும், சான்பார்க்ஸின் கட்டணப் பட்டியல் நவம்பர் 1-ஆம் தேதி மாறுகிறது. டிசம்பர் விடுமுறைக்குத் திட்டமிடுவோர் புதிய பட்டியலைப் பார்த்தே தொகையை ஒதுக்க வேண்டும்.