லீடர்: முன்நரம்பா, கடிநாணா?

வட அமெரிக்காவின் பெரிய வேட்டை மீனான மஸ்கியைப் பிடிக்கும் கருவிகளைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே வழி மறிக்கும் சொல் ‘லீடர்’. அகராதியில் பார்த்தால் தலைவர், வழிகாட்டி, முன்னோடி என்று இருக்கும். கணினி மொழிபெயர்ப்பை நம்பினால் ‘தலைவர் கோடு’ என்று வந்து நிற்கும். அது ஏதோ கட்சி விவகாரம் போலத் தொனிக்கும்.

பொருள் எளியதுதான். தூண்டில் நரம்பின் நுனிக்கும் பொய்யிரைக்கும் நடுவே கட்டப்படும் தனித் துண்டுதான் லீடர். மஸ்கிக்கு அது ஒரு சாணுக்கு மேல், ஒரு முழத்துக்குள் இருக்கும். ஒரு முனையில் சுழலும் வளையம், மறுமுனையில் பொய்யிரையை மாட்டும் கொக்கி. துண்டு சிறியதுதான், ஆனால் அது இல்லாமல் மஸ்கியிடம் போனால் மீனும் போகும், விலை உயர்ந்த பொய்யிரையும் போகும்.

காரணம் அந்த மீனின் வாய். பெரிய ஏரிகள், செயின்ட் லாரன்ஸ் ஆறு, மேல் மிசிசிப்பி, ஒஹாயோ ஆற்றுப் படுகை ஆகியவை இதன் தாயகம். விஸ்கான்சின் 1955-இல் இதை மாநில மீனாக அறிவித்தது. மினசோட்டாவில் பொதுவாக 54 அங்குலத்துக்குக் குறைந்த மஸ்கியை எடுத்துச் செல்ல முடியாது. எவ்வளவு பெரிய மீன் என்பதற்கு அந்த ஒரு விதியே போதும். கீழ்த்தாடையில் நீண்ட கோரைப்பற்கள், மேலண்ணத்தில் பின்னோக்கிச் சாய்ந்த சிறு பற்களின் கூட்டம். ‘மஸ்கெலஞ்ச்’ என்னும் முழுப்பேர்கூட அந்த மண்ணுடையது. அங்கத்திய பழங்குடிகளின் ஓஜிப்வே மொழியில் ‘கினோஜே’ என்றால் மஸ்கிக்கு உறவான பைக் இன மீன். முன்னால் ஒட்டிய ‘மாஷ்’ என்பதற்குச் சிலர் ‘பெரிய’ என்றும் சிலர் ‘அழகற்ற’ என்றும் பொருள் சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களோ அதைத் தங்கள் மொழியில் ‘நீண்ட முகமூடி’ என்று ஒலிக்கும்படி வளைத்துக்கொண்டார்கள்.

இனி ‘லீடர்’. பழைய ஆங்கிலத்தில் ‘போ’ என்னும் வினையின் பிறவினையிலிருந்து வந்தது. நம் ‘செல்’, ‘செலுத்து’ போல. தூண்டிலுக்குள் இது வந்தது ஈத்தூண்டில் வழியாக, அதாவது ஈ போலச் செய்த லேசான பொய்யிரையை வீசிப் பிடிக்கும் முறை வழியாக. தடித்த நரம்புக்கு முன்னால், மீன் கண்ணில் படாத மெல்லிய இழை ஒன்று இரையைக் கொண்டு செல்லும். முன்னே போவதால் லீடர். நைலான் வருவதற்கு முன்பு அந்த இழை பட்டுப்புழுவின் சுரப்பியைக் காடியில் ஊறவைத்து இழுத்துச் செய்யப்பட்டது. ஸ்பெயினின் மூர்சியா இந்தத் தொழிலுக்குப் பேர்போன ஊர். பிரிட்டனில் பைக் பிடிப்பவர்கள் ‘லீடர்’ என்று சொல்வது குறைவு, ‘ட்ரேஸ்’ என்பார்கள். குதிரையை வண்டியோடு பிணைக்கும் வாருக்கும் அதே பெயர். ‘இழு’ என்னும் லத்தீன் வினை அதன் வேர். செய்யும் வேலையைப் பார்த்தால் ‘ட்ரேஸ்’ தான் நேர்மையான சொல் என்று எனக்குப் படுகிறது.

ஏனென்றால் மஸ்கிக்கு வந்ததும் ‘லீடர்’ தலைகீழாகிவிட்டது. ஈத்தூண்டிலில் லீடர்தான் தொடரிலேயே மெலிந்த கண்ணி. மஸ்கியில் அதுதான் தடித்தது. மூல நரம்பு 80 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு என்றால் லீடர் 100 முதல் 130 பவுண்டு வரை போகும். ஒளிவதற்காக வந்த சொல் இங்கே கவசத்தின் பெயராகிவிட்டது. தமிழாக்கம் செய்பவர் கவனிக்க வேண்டிய இடம் இது.

முப்பது பவுண்டு மீனுக்கு 80 பவுண்டு நரம்பு எதற்கு என்று கேட்கலாம். மீனுக்காக அல்ல, வீச்சுக்காக. மஸ்கி பொய்யிரைகள் சில அவுன்சிலிருந்து அரைப் பவுண்டு வரை கனக்கும். முழு வேகத்தில் வீசும்போது உருளையில் நரம்பு சிக்கினால், மெலிந்த நரம்பு பட்டென்று அறுந்து பொய்யிரை மட்டும் ஏரிக்குள் பறந்துவிடும். பின்னல் நரம்பு பாலிஎதிலீன் இழைகளால் ஆனது. அதனால் 80 பவுண்டு நரம்பும் சுமார் 18 பவுண்டு நைலான் அளவுக்கே தடிமன். நீளாது, தண்ணீரில் மிதக்கும். ஆனால் பல்லுக்கு முன் ஒரு நொடிகூட நிற்காது.

லீடருக்கான பொருள்கள் முக்கியமாக மூன்று. முதலாவது ஃப்ளூரோகார்பன் என்னும் நெகிழி இழை. ஜப்பானின் குரேஹா நிறுவனம் 1971-இல் இதைத் தூண்டிலுக்குக் கொண்டுவந்தது. நைலானைவிட ஒளிவிலகலில் தண்ணீருக்கு நெருக்கம், அதனால் கண்ணுக்கு மங்கல். எடை கூடியது, மூழ்கும். மஸ்கிக்கு 80 பவுண்டுக்குக் கீழே இறங்குவது சூதாட்டம். இந்தத் தடிமனில் முடிச்சு சரியாக இறுகாது என்பதால் உலோகக் குழலை நெரித்துப் பூட்டுவார்கள். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். சொரசொரப்பு தட்டினால் மாற்றிவிடுவதே நல்லது.

இரண்டாவது எஃகுக் கம்பி. ஒற்றைக் கம்பி விறைப்பானது. இடவலமாகத் துள்ளி நெளியும் பொய்யிரைகளுக்கு இதுதான் பொருத்தம், முள் நரம்பில் மாட்டிக்கொள்ளாது. ஆனால் ஒருமுறை மடிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஏழு இழை முறுக்குக் கம்பி வளைந்து கொடுக்கும். மூன்றாவது டைட்டானியக் கலவை. மடிந்தாலும் நிமிர்ந்துகொள்ளும், பணப்பையைத்தான் மடக்கும்.

நீளத்துக்கும் காரணம் உண்டு. மஸ்கி படகு வரை பின்தொடர்ந்து வந்து கடைசி நொடியில் யோசிக்கும் மீன். அப்போது கோலின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு ‘எட்டு’ போட்டு இரையைச் சுழற்றுவார்கள். லீடர் நீண்டிருந்தால் அதன் சுழலும் வளையம் கோல் நுனியில் முட்டி எட்டு கெடும். படகை ஓட்டிக்கொண்டே இழுக்கும் முறைக்கு இந்தச் சிக்கல் இல்லை. மூன்றிலிருந்து ஐந்து அடி வரை நீட்டலாம், மீன் புரண்டு உடலில் சுற்றிக்கொண்டாலும் தாங்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? நம் கடற்கரையில் வஞ்சிரத்துக்கும் சீலாவுக்கும் தூண்டில் போடுகிறவர்கள் முள்ளுக்கு மேலே கம்பி வைத்துக் கட்டுகிறார்கள். தேவை ஒன்றே: பல். இழையை ‘நரம்பு’ என்கிறோம். யாழின் தந்திக்கும் அதே சொல். அதற்கும் பழைய சொல் ‘நாண்’. பெரும்பாணாற்றுப்படை ‘நெடுங்கழைத் தூண்டில் நடுங்க நாண் கொளீஇ’ என்று பாணர் வாளை பிடிப்பதைச் சொல்கிறது. கழை கோல், நாண் நரம்பு, ‘கொடுவாய் இரும்பு’ முள். குறுந்தொகை 54-இல் யானை விட்ட மூங்கில் ‘மீனெறி தூண்டிலின்’ நிமிர்கிறது. அங்கே தூண்டில் என்றாலே கோல்தான்.

இந்த வரிசையில் லீடருக்கு இரண்டு சொற்கள் தோன்றுகின்றன. ‘முன்நரம்பு’ பேச்சுக்கு எளிது, யாருக்கும் உடனே புரியும். ஈத்தூண்டிலின் மெல்லிய லீடருக்கு அதுவே போதும். மஸ்கியின் லீடருக்கு ‘கடிநாண்’ என்பேன். ‘கடி’ பல்லால் கடிப்பதையும் குறிக்கும், கடிமரம் என்பதில் போலக் காவலையும் குறிக்கும்.

நரம்பின் நுனியில் கட்டும் சாமான்களைக் குறிக்கும் ‘டெர்மினல் டேக்கிள்’ என்பதில் ‘டேக்கிள்’ கப்பல் பாய்க்கயிறுகளைக் குறித்த வட ஐரோப்பியச் சொல். ‘முனைத் தளவாடம்’ போதுமானது. அதற்குள் வரும் ஸ்விவல் ‘சுழலி’, ஸ்னாப் ‘கொளுக்கி’, மூன்று கிளை முள் ‘மும்முள்’. கொளுக்கி என்பது நகைக்காரர்களின் சொல். சங்கிலி மாட்டுவதும் பொய்யிரை மாட்டுவதும் ஒரே வேலை. கடையில் கேட்கும்போது மட்டும் ‘ஸ்னாப்’ என்றே கேளுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து நகைக்கடையைக் கைகாட்டுவார்கள்.