தட்டு சுழல்கிறது, கணினிக்குத் தெரியவில்லை

வெளிப்புற வன்தட்டைக் கணினியில் செருகியதும் அதன் சிறு விளக்கு எரிகிறது. கையை வைத்துப் பார்த்தால் உள்ளே ஏதோ சுழல்வதும் தெரிகிறது. திரையில் வழக்கமாக வரும் சின்னம் மட்டும் வரவில்லை. 'வன்தட்டை அடையாளம் காண முடியவில்லை' என்று நாம் சொல்வது காய்ச்சல் என்று சொல்வதைப் போன்றது. அந்த ஓர் அறிகுறிக்குப் பின்னால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல பழுதுகள் இருக்கக்கூடும். கேபிளில் ஒரு கம்பி அறுந்திருந்தாலும், காந்தப் பூச்சில் ஆழமான கீறல் விழுந்திருந்தாலும், திரை காட்டுவது ஒரே வெறுமையைத்தான். முதல் வகையில் ஒரு பைட் கூட அழிந்திருக்காது. இரண்டாவது வகையில் ஒவ்வொரு நிமிட ஓட்டமும் தரவைத் தின்றுகொண்டிருக்கும். ஆகவே தரவை மீட்பதற்கு முன், கணினிக்கும் வன்தட்டுக்கும் இடையிலான உரையாடல் எந்தப் படியில் நின்றுபோனது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த உரையாடல் ஓர் ஒழுங்கில் நடக்கிறது. முதலில் மின்சாரம் சேர வேண்டும். அடுத்து, பெட்டிக்குள் இருக்கும் யு.எஸ்.பி. சுற்றுப்பலகை தன்னைக் கணினிக்கு அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். பிறகு வன்தட்டு சுழன்று, தன் சொந்த மென்பொருளைப் படித்து, 'தயார்' என்று அறிவிக்க வேண்டும். அதன் பின் கணினி, தட்டு எந்தெந்தப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணையைப் படித்து, இறுதியாக, கோப்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்று கணக்கு வைத்திருக்கும் கோப்பு முறைமையைத் திறக்க வேண்டும். இவற்றுள் எது தவறினாலும் சின்னம் தோன்றாது.

மின்சாரப் பிரச்சினைதான் மிக எளியது. கைக்கு அடக்கமான 2.5 அங்குல வன்தட்டு யு.எஸ்.பி. தரும் 5 வோல்ட்டிலேயே இயங்கிவிடும் என்றாலும், நின்ற நிலையிலிருந்து தட்டைச் சுழற்றத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் அதற்கு ஏறத்தாழ ஒரு ஆம்பியர் வரை தேவைப்படலாம். யு.எஸ்.பி. 2.0 துளை விதிப்படி தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், 3.0 துளை தர வேண்டியது 900. தேய்ந்த கேபிளோ, பல சாதனங்கள் பகிர்ந்துகொள்ளும் ஹப்போ நடுவில் இருந்தால் தட்டு சுழல முயன்று முயன்று தோற்றுக்கொண்டே இருக்கும். பெரிய 3.5 அங்குல வகைக்கு 12 வோல்ட் தரும் தனி அடாப்டர் வேண்டும். அதற்குப் பதிலாக மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டரைத் தவறிச் செருகினால், பலகையில் உள்ள பாதுகாப்பு டையோடு தன்னைப் பலியிட்டு மற்ற பாகங்களைக் காப்பாற்றப் பார்க்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வன்தட்டு செத்துவிட்டதாகத் தோன்றும். பழுதறிந்த கைகளுக்கோ அது பெரும்பாலும் ஒரு சிறு பாகத்தை அகற்றும் வேலைதான்.

மின்சாரம் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் இடைப்பலகையின் மேல் விழ வேண்டும். பெரும்பாலான வெளிப்புறப் பெட்டிகளுக்குள் இருப்பது கணினிக்குள் இருப்பதைப் போன்ற சாட்டா என்ற இணைப்பு முறையில் பேசும் சாதாரண வன்தட்டுதான்; அதன் மொழியை யு.எஸ்.பி. மொழிக்குப் பெயர்த்துத் தரும் சிறு பலகை ஒன்று கூடவே இருக்கிறது. விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் சாதனத்தின் பெயர் தெரிந்து, கொள்ளளவு மட்டும் பூச்சியம் என்று காட்டினால், பலகை பேசுகிறது, பின்னால் இருக்கும் தட்டு பேசவில்லை என்று பொருள். தட்டு ஒழுங்காகச் சுழன்றும் கணினியில் ஒரு பெயர்கூட வரவில்லை என்றால் பலகையோ அதன் இணைப்புத் துளையோதான் பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது தட்டைக் கழற்றி வேறு பெட்டியில் பொருத்திப் பார்க்கலாம் என்பது பலரும் சொல்லும் வழி. பல நேரங்களில் அது பலிக்கும். பலிக்காத இடங்களையும் தெரிந்துகொள்வது நல்லது. சில வகைகளில் யு.எஸ்.பி. துளை வன்தட்டின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். கழற்றினால் சாட்டா முனையே இருக்காது. வேறு சிலவற்றில், பயனர் கடவுச்சொல் வைக்காவிட்டாலும், இடைப்பலகை ஒவ்வொரு பைட்டையும் மறையாக்கம் செய்துதான் தட்டில் எழுதும். அந்தப் பலகை இல்லாமல் படித்தால் கிடைப்பது குப்பை எண்கள் மட்டுமே.

இதைவிடக் குழப்பமான ஒன்றும் உண்டு. தட்டில் தரவு செக்டார் என்ற சிறு துண்டுகளாக எழுதப்படுகிறது; ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்தான் முகவரி. பழைய எம்.பி.ஆர். வகைப் பார்ட்டிஷன் அட்டவணை முகவரிகளை 32 பிட்டுகளில் எழுதுவதால், 512 பைட் செக்டார்களைக் கொண்டு ஏறத்தாழ 2.2 டெராபைட்டுக்கு மேல் எண்ண முடியாது. இந்த வரம்பைத் தாண்டுவதற்காகச் சில இடைப்பலகைகள் எட்டு செக்டார்களை ஒன்றாகச் சேர்த்து, 4096 பைட் செக்டார் என்று கணினிக்குக் கணக்குக் காட்டின. அந்தத் தட்டை வேறு பெட்டிக்கு மாற்றும்போது எண்ணிக்கை மீண்டும் 512க்குத் திரும்பிவிடுகிறது. அட்டவணை சொல்லும் முகவரி எட்டில் ஒரு பங்கு தூரத்திலேயே நின்றுவிட, கணினி அங்கே எதையும் காணாமல் 'வெற்றுத் தட்டு' என்கிறது. தரவு முழுமையாக இருக்கிறது. முகவரியைப் படிக்கும் அளவுகோல்தான் மாறியிருக்கிறது.

தட்டே பேசாத நிலைக்கு வருவோம். நிமிடத்துக்கு 5400 சுற்று வேகத்தில் சுழலும் 2.5 அங்குலத் தட்டின் விளிம்பு மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. அதன் மேல், சில நானோமீட்டர் உயரத்தில், காற்றின் மெத்தையில் மிதந்தபடி படிப்புமுனை எழுத்துகளைப் படிக்கிறது. மனித முடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால், ஓடும்போது கீழே விழுந்த வன்தட்டுக்குள் என்ன நேர்ந்திருக்கும் என்று ஊகிக்கலாம். முனை தட்டில் மோதினால் காந்தப் பூச்சு பொடியாகிறது; அந்தப் பொடி மற்ற இடங்களிலும் சிக்கிப் புதிய கீறல்களை உண்டாக்குகிறது. சீரான இடைவெளியில் 'டிக், டிக்' என்று கேட்கும் ஒலி, முனையால் தன் இடத்தை அறிய முடியாமல், அதைத் தாங்கும் கை திரும்பத் திரும்பத் தொடக்க நிலைக்கே போவதன் அடையாளம். இந்த ஒலியைக் கேட்ட பிறகும் 'இன்னொரு முறை செருகிப் பார்ப்போம்' என்று முயல்வதைப் போலத் தரவுக்குக் கேடானது வேறில்லை என்பது என் கருத்து. மூடியைத் திறப்பது தூசு வடிகட்டப்பட்ட தூய்மை அறையில் மட்டுமே செய்யத்தக்கது. அங்கே அதே மாதிரி வன்தட்டிலிருந்து எடுத்த முனைகளைப் பொருத்திப் படிக்கிறார்கள்.

வன்தட்டு தன்னை இயக்கத் தேவையான மென்பொருளின் பெரும்பகுதியைப் பயனர் எட்ட முடியாத தடங்களில், தட்டின் மேலேயே எழுதிவைத்திருக்கிறது. அந்தப் பகுதி கெட்டால், இயந்திரம் நலமாக இருந்தும் அது 'தயார்' என்று சொல்லாது. பலகையின் மேல் உள்ள சிறு நினைவகச் சில்லில், அந்தக் குறிப்பிட்ட வன்தட்டின் முனைகளுக்கென்று ஆலையில் அளந்து எழுதிய திருத்த எண்கள் இருக்கின்றன. அதே மாதிரி வன்தட்டின் பலகையை வாங்கி மாற்றினால் சரியாகிவிடும் என்ற பழைய யோசனை இன்று பெரும்பாலும் தோற்பது இதனால்தான். பழைய சில்லையும் புதிய பலகைக்கு இடம் மாற்ற வேண்டும்.

இயந்திரம் நலமாக இருந்து, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சரியான கொள்ளளவும் தெரிகிறது என்றால் நம்பிக்கை கொள்ளலாம். அங்கே பழுதாகியிருப்பது அநேகமாகப் பட்டியல்கள்தான். சில நேரம் பழுதே இருக்காது. ஆப்பிள் கணினியிலோ லினக்ஸிலோ வடிவமைத்த தட்டை விண்டோஸ் படிக்கத் தெரியாமல் விழிக்கும், அல்லது டிரைவ் எழுத்து ஒதுக்கப்படாமல் இருக்கும். மற்ற வேளைகளில் முதல் செக்டாரில் 446ஆவது பைட்டிலிருந்து இருக்க வேண்டிய 64 பைட் அட்டவணையோ, கோப்பு முறைமையின் தொடக்கச் செக்டாரோ சிதைந்திருக்கும். இத்தகைய பட்டியல்களுள் பலவற்றுக்கு, அவற்றை வடிவமைத்தவர்கள் முன்யோசனையுடன் நகல் வைத்திருக்கிறார்கள். எம்.பி.ஆருக்குப் பின் வந்த ஜி.பி.டி. அட்டவணைக்குத் தட்டின் கடைசியில் ஒரு பிரதி உண்டு, விண்டோஸின் கோப்பு முறைமையான என்.டி.எஃப்.எஸ். தன் தொடக்கச் செக்டாரின் பிரதியைப் பார்ட்டிஷனின் கடைசிச் செக்டாரில் வைக்கிறது. ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறைமை அதை வழக்கமாக ஆறாம் செக்டாரில் வைக்கிறது. கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் இந்தப் பிரதிகளைத் தேடிப் பழைய எல்லைகளை மீண்டும் வரைந்து தருகிறது.

இந்தக் கட்டத்தில்தான் விண்டோஸ் 'இதைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?' என்று பணிவாகக் கேட்கிறது. வேண்டாம் என்பதே விடை. விரைவு ஃபார்மட் பட்டியலை மட்டும் புதிதாக எழுதும். முழு ஃபார்மட், விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, பார்ட்டிஷன் முழுவதும் பூச்சியங்களை நிரப்பிவிடும். செக்டிஸ்க் கட்டளையும் இங்கே நண்பன் அல்லன். கோப்பு முறைமையை முரணற்றதாக்குவதே அதன் கடமை, அதற்காகப் பொருந்தாத பதிவுகளை வெட்டி எறிய அது தயங்காது.

செய்ய வேண்டியது, எதையும் திருத்தாமல், முதல் செக்டாரிலிருந்து கடைசிச் செக்டார் வரை வேறொரு பெரிய தட்டில் அப்படியே நகலெடுப்பது. சாதாரண நகல் கருவி படிக்க முடியாத ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு, பலவீனமான முனையை அங்கேயே அடித்துத் தேய்க்கும். அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய டிடிரெஸ்க்யூ என்ற நகல் மென்பொருள் வேறு விதமாகச் சிந்திக்கிறது: எளிதில் வரும் பகுதிகளை முதலில் பெரிய துண்டுகளாக அள்ளிக்கொள்கிறது, பிழை வந்த இடத்தைத் தாண்டிக் குதிக்கிறது, மற்றதெல்லாம் பத்திரமான பிறகே கெட்ட பகுதியின் ஓரங்களை நெருங்கி, கடைசியில் ஒவ்வொரு செக்டாராகச் சுரண்டிப் பார்க்கிறது. எது வந்தது, எது வரவில்லை என்பதை ஒரு கோப்பில் குறித்துக்கொள்வதால், நடுவில் தட்டு நின்றுபோனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இறந்துகொண்டிருக்கும் முனையிடம் மிச்சமிருக்கும் நேரத்தை இப்படிப் பங்கிட்டுச் செலவிடுவது எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் சிந்தனைகளில் ஒன்று.

மற்ற எல்லா வேலையும் நகலின் மேல்தான். என்.டி.எஃப்.எஸ். ஒவ்வொரு கோப்புக்கும் பொதுவாக 1024 பைட் நீளமுள்ள ஒரு பதிவை வைத்திருக்கிறது. கோப்பின் பெயர், அளவு, தட்டில் அது எங்கெங்கே கிடக்கிறது என்ற விவரம் எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொரு பதிவும் 'ஃபைல்' என்ற ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்துகளுடன் தொடங்குவதால், தலைமைப் பட்டியல் எங்கே என்று தெரியாவிட்டாலும், நகல் முழுவதும் அந்த நான்கு எழுத்துகளைத் தேடியே கோப்புறை அமைப்பை மீண்டும் கட்டிவிடலாம். கோப்பை அழிக்கும்போதும் அந்தப் பதிவு உடனே மறைவதில்லை. 'பயன்பாட்டில் இல்லை' என்ற குறி மட்டுமே விழுகிறது.

பதிவுகளும் போய்விட்டால் கோப்பின் உடலையே பார்த்து அடையாளம் காண வேண்டும். ஜேபெக் படம் 255, 216, 255 என்ற மூன்று பைட்டுகளுடன் தொடங்கும். போட்டோரெக் போன்ற மென்பொருள்கள் இத்தகைய தலைப்புகளைத் தேடிப் படங்களை வெட்டி எடுக்கின்றன. பெயரும் கோப்புறையும் திரும்ப வாரா. ஒரு கோப்பு பல துண்டுகளாகச் சிதறிக் கிடந்தால் மேல்பாதி சரியாகவும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவும் வரும். 2003இல் சிதறிய கொலம்பியா விண்ணோடத்தின் எரிந்த வன்தட்டு ஒன்றிலிருந்து க்ரோல் ஆன்ட்ராக் நிறுவனம் செனான் ஆய்வுத் தரவைப் பெருமளவு மீட்டபோது, தட்டு பாதி மட்டுமே நிரம்பியிருந்ததும், டாஸ் என்ற பழைய இயங்குதளம் கோப்புகளைச் சிதறவிடாமல் எழுதியிருந்ததும் பெரிதும் உதவின. அந்த ஆய்வின் முடிவு 2008இல் பிசிக்கல் ரெவ்யூ ஈ இதழில் வெளியானது.

தரவைச் சில்லுகளில் வைக்கும் எஸ்.எஸ்.டி. வகைக்கு இவற்றில் பாதி பொருந்தாது. அதில் சுழல்வது எதுவுமில்லை. தரவு எந்தச் சில்லில் எங்கே இருக்கிறது என்ற வரைபடம் அதன் கட்டுப்படுத்தியிடம் இருக்கிறது. வரைபடம் கெட்டால் தரவு இருந்தும் இல்லாததுதான். அழித்த இடங்களை இயங்குதளம் டிரிம் கட்டளை மூலம் அறிவித்துவிட்டால், கட்டுப்படுத்தி அவற்றைத் தன் ஓய்வு நேரத்தில் துடைத்துவிடும். அதன் பிறகு எந்த மென்பொருளைக் கொண்டு படித்தாலும் அந்த முகவரிகளிலிருந்து பெரும்பாலும் வருவது பூச்சியம் மட்டுமே.